வெள்ளரியும் தக்காளியும் தவிர வேறெதையும் தொடாத நில ஆமை: உணவை எப்படி மாற்றுவது?

கேள்வி

வணக்கம். நண்பர் ஒருவர் வீடு மாறிச் சென்றபோது, தாம் வளர்த்து வந்த ஹெர்மன் வகை நில ஆமையை என்னிடம் ஒப்படைத்தார். அதற்கு நான்கு வயது ஆகிறது. இதுவரை வெள்ளரி, தக்காளி, வாழைப்பழம் ஆகியவற்றையே கொடுத்து வந்ததாகவும், வாரம் ஒருமுறை சிறிது நாய் உணவும் வைத்ததாகவும் அவர் கூறினார். நான் இலைகளோடு கலந்து வைத்தால், தக்காளித் துண்டுகளை மட்டும் கவ்வி எடுத்துக்கொண்டு, வாயில் ஒட்டி வரும் இலையை முன்னங்காலால் வழித்துத் தள்ளிவிடுகிறது. மூன்று நாள் இலையை மட்டுமே வைத்துப் பார்த்தேன். அது பட்டினி கிடந்தது, இறுதியில் நான்தான் தோற்றேன். மலம் குழைவாக வருகிறது. மேல் அலகு கிளியின் மூக்கைப் போல வளைந்து கீழே இறங்கியிருக்கிறது. ஓட்டின் சில்லுகள் சிறு மேடுகளாகப் புடைத்துள்ளன. பழத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1

உணவுக்கு முன் வெப்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. வெளிச்சூடு போதாவிட்டால் குடல் மெதுவாக இயங்கும், பசியும் மந்தமாகும். விளக்கின் நேர்க்கீழே, ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் வெப்பமானியை வைத்து அளந்து சொல்லுங்கள். புற ஊதா விளக்கு இருக்கிறதா, அது எவ்வளவு காலமாக எரிகிறது என்பதும் தெரிய வேண்டும்.

கேட்டவர்

அளந்தேன், 26 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. புற ஊதா விளக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது, இன்னும் நன்றாக எரிகிறது. பகலில் கண்ணாடிச் சன்னல் வழியாக வெயிலும் விழுகிறது.

மறுமொழி 1

பாதிச் சிக்கல் இங்கேயே இருக்கிறது. விளக்கின் கீழ் 32 முதல் 35 டிகிரி வரையிலும், கூண்டின் மறுமுனையில் அதைவிடப் பத்து டிகிரி குறைவாகவும் இருக்க வேண்டும். எங்கே படுப்பது என்பதை ஆமையே தீர்மானித்துக்கொள்ளும். புற ஊதா விளக்கு கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும், நமக்குத் தேவையான பி வகைக் கதிர் நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதால், பெரும்பாலான விளக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுவதால் அந்த வெயிலைக் கணக்கில் சேர்க்க முடியாது. அக்கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் குடல் அதைச் சரிவர உறிஞ்சாது.

மறுமொழி 2

இனி உணவுக்கு வருகிறேன். ஹெர்மன் ஆமை நார் மிகுந்த களைகளையும் இலைகளையும் மேய்வது. அவற்றைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களே புளிக்க வைத்துச் செரிக்கின்றன. பழத்தின் சர்க்கரை அந்த நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைப்பதால்தான் மலம் குழைகிறது. இருப்பினும் குடற்புழுவாலும் அப்படி ஆகலாம் என்பதால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அலகையும் அவரே சீர் செய்யட்டும். வீட்டில் வெட்ட முயலாதீர்கள்.

வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். அதைவிட முக்கியமாக, உணவில் பாஸ்பரஸைப் போலக் குறைந்தது இரு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். தக்காளியிலும் வாழைப்பழத்திலும் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. நாய் உணவை இன்றே நிறுத்திவிடுங்கள். அந்த அளவு புரதம் ஆமையின் சிறுநீரகத்துக்குச் சுமை. டான்டேலியன் என்னும் மஞ்சள் பூக் களைச்செடி, செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, திராட்சை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை நல்லவை. பூச்சிமருந்து படாத இடத்தில் பறித்ததாக இருக்க வேண்டும். பாலக்கீரையிலும் பீட்ரூட் இலையிலும் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றைத் தினமும் கொடுக்க வேண்டாம்.

பழத்தை ஒரே நாளில் நிறுத்தினால் மீண்டும் நீங்கள்தான் தோற்பீர்கள். துண்டு போடுவதுதான் தவறு; துண்டாக இருந்தால் அது பொறுக்கிவிடும். வெள்ளரியைத் துருவி, பொடியாக நறுக்கிய இலையோடு சேர்த்து, சாறு எல்லா இலையிலும் படும்படி கையால் பிசைந்து வையுங்கள். முதல் வாரம் பாதிக்குப் பாதி. பின் வாரந்தோறும் வெள்ளரியைக் குறைத்து இலையைக் கூட்டுங்கள். தட்டுக்குப் பதிலாகச் சொரசொரப்பான தட்டைக் கல்லின் மேல் வைத்தால், கடிக்கும்போதெல்லாம் அலகு தேயும்.

மறுமொழி 3

நான் டி3 கலந்த கால்சியம் பொடியைத் தினமும் தாராளமாகத் தூவுகிறேன். விளக்கே தேவையில்லை.

மறுமொழி 2

இதை ஏற்க இயலவில்லை. தோலில் உருவாகும் டி3 தேவைக்கு மேல் போகாமல் உடலே பார்த்துக்கொள்ளும். வாய்வழி மிகுதியாகப் போனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இரத்தத்தில் கால்சியம் ஏறி, உள்ளுறுப்புகளில் படியக்கூடும். விளக்கு சரியாக இருந்தால், டி3 கலக்காத கால்சியம் கார்பனேட்டை வாரம் இரண்டு மூன்று முறை ஒரு சிட்டிகை தூவினால் போதும். கூண்டில் கணவாய் மீனின் ஓடு ஒன்றைப் போட்டு வையுங்கள், வேண்டியபோது கொறிக்கும்.

கேட்டவர்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். விளக்குகளை மாற்றினேன், சூடு 34 டிகிரிக்கு வந்த நான்காம் நாளே நடை வேகமாயிற்று. பரிசோதனையில் புழு இருந்தது, மருந்து கொடுத்தார்கள். பிசைந்து வைத்த முதல் நாள், இலையை வழித்துத் தள்ள முயன்று, எல்லாவற்றிலும் வெள்ளரி வாசம் அடிக்கவே சற்று நின்று யோசித்துவிட்டுத் தின்றது. இப்போது எட்டில் ஒரு பங்குதான் வெள்ளரி. மலம் உருண்டையாக, உள்ளே நார் தெரியும்படி வருகிறது. ஆனால் சிறுநீரோடு வரும் வெண்பொருள் மணல்போல நெருநெருக்கிறது. மேடுகள் தட்டையாகுமா?

மறுமொழி 1

வெண்பொருள் மென்மையான பசைபோல இருக்க வேண்டும்; நெருநெருப்பது நீர் போதவில்லை என்பதற்கு அறிகுறி. வெள்ளரியைக் குறைத்ததால் உள்ளே போகும் நீரும் குறைந்துவிட்டது. தாடைக்குக் கீழ் நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் வாரம் மூன்று முறை 20 நிமிடம் விடுங்கள். இலையையும் ஈரத்தோடு வையுங்கள். இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் நீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எழுந்த மேடு இனித் தட்டையாகாது. அது உணவால் மட்டும் வந்ததும் அன்று; குஞ்சுப் பருவத்தில் காற்றில் ஈரப்பதம் குறைவாக இருந்ததற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. சில்லுகளுக்கு இடையில் வெளிர்நிறமாகத் தெரியும் புது வளர்ச்சியைப் பாருங்கள். அது சமமாக வருகிறதென்றால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.