புதுப்பிப்பு: சுவீடிஷ், ஆங்கிலம் இரண்டுக்கும் ஒத்துவரும் ஆண் குழந்தைப் பெயர்

கணவருக்கு சுவீடிஷ், எனக்கு ஆங்கிலம். இரண்டிலும் சிதையாத பெயர் கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. ஆஸ்கர் என்று வைத்துவிட்டோம்.

கைகொடுத்தது, பெயரை எழுதிக் காட்டி இரண்டு பாட்டிகளையும் வாசிக்கச் சொன்னதுதான். கணவருக்குப் பிடித்த ‘லூவே’ (எழுதுவது Love) அங்கேயே அவுட்! சுவீடன் பாட்டி சரியாகச் சொன்னார். என் அம்மா ‘லவ்’ என்றார். ‘ஷெல்’ (எழுதுவது Kjell) அதைவிட மோசம், ‘கெஜெல்’ ஆகிவிட்டது. ஆஸ்கரை இருவரும் ஒரே மாதிரி வாசித்தார்கள்.

எதிர்பாராதது எழுத்துச் சண்டை: Oskar என்று ‘கே’யா, Oscar என்று ‘சி’யா? ‘கே’ ஜெயித்தது. சுவீடன் நாள்காட்டியில் டிசம்பர் 1 ஆஸ்கரின் பெயர்நாள் (அந்தப் பெயருக்கென்று குறித்த நாள்), மாமியாருக்கு ஒரே குஷி.

அப்புறம், சுவீடனில் பிறந்த 3 மாதத்துக்குள் வரித்துறையில் (பெயர்ப் பதிவும் அவர்கள் வேலைதான்) பெயரைப் பதிய வேண்டும். என் அப்பா பெயரை முதலில் போட்டோம். கூப்பிடும் பெயர் இரண்டாவதாக இருந்தாலும் பரவாயில்லை.