எரிமலைப் பாறைக்குச் சிப்பியை வைத்து வயது சொல்ல முடியுமா?

தேவனாம்பட்டினம்:
வணக்கம். எம்.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வீடு கடலூர். அடுத்த மாதம் செமினார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த தலைப்பு: பழைய தீவு வில் எரிமலைப் பாறைகளின் வயதைக் கடல் புதைபடிவங்களால் கணிப்பது. தீவு வில் புரிகிறது. ஒரு கடல்தட்டு இன்னொன்றின் அடியில் இறங்குகிற இடத்தில் வளைவாக எழும் எரிமலை வரிசை; அந்தமானில் பாரன் தீவு மாதிரி. புதைபடிவம்தான் இடிக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே, "நெருப்புக் குழம்புல சிப்பி எப்படிடி இருக்கும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

முத்தியால்பேட்டை:
அம்மாடி, குழம்புக்குள் சிப்பி இருக்காது, அம்மா சொன்னது சரி. ஆனால் எரிமலை நாள் முழுக்க வெடித்துக்கொண்டே இருக்குமா? பாரன் தீவையே எடுத்துக்கொள். 1832-க்குப் பிறகு அடங்கியது 1991-ல்தான் மறுபடி வெடித்தது. தீவு வில்லில் இந்த மாதிரி ஓய்வு சில நேரம் லட்சக்கணக்கான ஆண்டுகள் நீளும். அப்போது சரிவில் பவளம் வளரும், சுண்ணாம்புச் சேறு படியும், ஆழத்தில் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் சிலிக்கா ஓடுகள் இறங்கி, செர்ட் என்ற கெட்டிப் பாறை ஆகும். அப்புறம் மறுபடி லாவா வந்து மூடும். நாம் வயது பார்ப்பது நடுவில் மாட்டிக்கொண்ட அந்தப் படிவை. அதில் கிடக்கும் உயிரி எந்தக் காலத்தில் வாழ்ந்ததோ, அதுதான் படிவின் வயது. அடியில் உள்ள லாவா அதைவிட மூத்தது, மேலே உள்ளது இளையது. அவ்வளவுதான் கணக்கு.

லடாக்கில் திராஸ் எரிமலைப் பாறைகளோடு சேர்ந்த சுண்ணாம்புக்கல்லில் ஆர்பிட்டோலினா என்ற ஃபோராமினிஃபெரா, அதாவது ஓடுள்ள ஒரு செல் கடலுயிரி, கிடைக்கிறது. கூம்பு வடிவம், வெறும் கண்ணுக்கே தெரியும். அதை வைத்துத்தான் அந்த வில் கிரிட்டேசியக் காலத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 10 முதல் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலில் இருந்தது என்று சொல்கிறோம்.

நான் அடிபட்டதும் அங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், லாவாவுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக்கல், லாரி அளவு இருக்கும். உடைத்து வந்து பார்த்தால் பெர்மியன் உயிரிகள், 25 கோடி ஆண்டுக்கு மேல். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூத்தவர் ஒருவர் என்னைத் திரும்ப அங்கேயே கூட்டிப்போய், கல்லைச் சுற்றி நசுங்கிக் கிடந்த களிமண்ணைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். எங்கிருந்தோ நகர்ந்து வந்து செருகிக்கொண்ட கல் அது. அதன் வயதுக்கும் லாவாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சுரங்கத்தான்:
நெய்வேலியிலிருந்து. லாவாவிலிருந்து ஜிர்கான் என்ற கனிமத் துகளைப் பொறுக்கி, அதில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் நேரடியாக எண்ணே வந்துவிடுமே? 2026-லும் சிப்பி பொறுக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா?

முத்தியால்பேட்டை:
ஜிர்கான் கிடைத்தால் போடுங்கள் சார், யார் வேண்டாம் என்றது? தீவு வில்லில் பாதிக்கு மேல் பசால்ட், அதை ஒட்டிய ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறைகள்தான். சிலிக்கா குறைவான அந்தக் குழம்பில் ஜிர்கான் அரிதாகத்தான் உருவாகும். கிடைக்கிற ஒன்றிரண்டும் பழைய பாறையிலிருந்து குழம்பு அள்ளி வந்ததாக இருக்கலாம். பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் ஆவதை வைத்துக் கணக்குப் போடலாம் என்றால், கடல்நீர் பொட்டாசியத்தை மாற்றியிருக்கும், பின்னால் பட்ட சூட்டில் ஆர்கான் தப்பியிருக்கும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் மக்வாரி வில், காடியா தங்க–செம்புச் சுரங்கம் இருக்கிற இடம். அங்கே ஆர்டோவிசியன் (சுமார் 44–49 கோடி ஆண்டுக்கு முந்தைய) வயதை அடுக்கடுக்காகப் பிரிக்க, ஷேல் என்ற களிமண் பாறையில் கிராப்டோலைட் என்ற பழங்காலக் கடலுயிரியும், சுண்ணாம்பில் கோனோடோன்ட் என்ற பல் போன்ற நுண்துண்டுகளும் பெரிய துணை. இன்னொன்று, புதைபடிவக் காலங்களுக்கு எண் கொடுப்பதே இடையில் விழுந்த எரிமலைச் சாம்பலில் உள்ள ஜிர்கான்தான். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கம்.

தேவனாம்பட்டினம்:
நன்றி ஐயா. சேற்றில் பழைய உயிரியும் புதிய உயிரியும் கலந்து கிடந்தால் எதை எடுப்பது? அப்புறம், கோனோடோன்ட் பிரிக்க எங்கள் லேபில் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. போடலாமா?

வில்லியனூர்:
போட்டுவிடாதே தங்கச்சி! கல்லோடு கோனோடோன்ட்டும் கரைந்துவிடும், அது கால்சியம் பாஸ்பேட். 10 சதவீத அசெட்டிக் அமிலம் போதும், சமையல் வினிகரைப் போல இரண்டு மடங்கு செறிவு. சுண்ணாம்பு மெதுவாகக் கரையும், நாள்கணக்கில் ஆகும், அமிலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சத்தைச் சல்லடையில் கழுவிக் காய வைத்து, நுண்ணோக்கிக்குக் கீழே ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்கணும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நாலு கிலோ கல்லைக் கரைத்து ஒன்றுமே கிடைக்காமல் வீட்டுக்குப் போன நாளும் எனக்கு உண்டு. நிறத்தைக் கட்டாயம் குறித்து வை. வெளிர் மஞ்சள் என்றால் சூடு படவில்லை. பழுப்பாகிக் கருப்பானால் 300 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். பக்கத்து எரிமலை எவ்வளவு சுட்டது என்பதையும் அதே பல் சொல்லிவிடும். பல் மாதிரி இருக்கும், ஆனால் எந்த விலங்குடையது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. பாண்டர் 1856-ல் விவரித்தார். விலாங்கு மாதிரி அந்த உடலை அடையாளம் கண்டு எழுதியது 1983-ல்.

முத்தியால்பேட்டை:
ஆனால் கோனோடோன்ட் டிரயாசிக் முடிவோடு, சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டது. திராஸில் போய்த் தேடாதே.

கலப்படக் கேள்விக்கு வருகிறேன். கடைக்கால் போடும்போது காசு போடுவோம் இல்லையா? பழைய வீட்டைப் பிரிக்கையில் அடியில் பாட்டியின் 1920 ஓரணாவும், ஒரு 1957 நயா பைசாவும் கிடைத்தால், வீடு 1957-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஓரணா வெறும் பாட்டியின் சேமிப்பு. சேற்றிலும் கடைசியாக வந்த உயிரியைத்தான் நம்பணும். நான் உடைத்த அந்தக் கல்லில் நயா பைசாவே இல்லை, எல்லாம் ஓரணா. அதனால்தான் முதலில் விளிம்பைப் பார். சுண்ணாம்பின் அடியில் லாவாக் கூழாங்கல் கலந்திருந்தால் அது அந்த எரிமலை மேலேயே படிந்தது. மேல்விளிம்பு வெந்திருந்தால் அடுத்த லாவா அதன் மேல் ஓடியிருக்கிறது.

தேவனாம்பட்டினம்:
கடைக்கால் காசை அப்படியே செமினாரில் போட்டுவிடுகிறேன் ஐயா. கைப்பழக்கத்துக்கு ஞாயிறு திருவக்கரை போய் வரட்டுமா?

முத்தியால்பேட்டை:
திருவக்கரையில் இருப்பது கல்மரம். நிலத்தில் வளர்ந்தது, உனக்கு உதவாது. அங்கே எதையும் எடுக்கவும் கூடாது. வழுதாவூர்ப் பக்கம் போ. எரிமலை கிடையாது, ஆனால் கிரிட்டேசியக் கடல் படிவு. கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிப் பக்கம் பொறுக்கிய அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியும் சிப்பியும் லண்டன் போய், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே விவரித்து எழுதிவிட்டார். பாறை வெளியில் அதிகம் தெரியாது. கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேடு இருந்தால் பார், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறு. தொப்பியை மறக்காதே.