லீவர் ஆக்‌ஷன் பழைய ரைபிள்: பின்கட்டை ஏன் மேல் நாக்குக்குப் பின்னால் பிளக்கிறது?

வின்செஸ்டர் 1873, 1892, 1894, மார்லின் 1893 என்று எந்தப் பழைய லீவர் ரைபிளை எடுத்தாலும் கட்டையில் விரிசல் விழும் இடம் ஒன்றுதான். ரிசீவரிலிருந்து (சுடும் இயக்கம் அடங்கிய இரும்பு உடல்) பின்னால் நீளும் மேல் நாக்கு (டேங் என்பார்கள்) முடியும் இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு தொடங்கி, கட்டையின் கழுத்து வழியாகப் பின்னோக்கி ஓடும். பசை போட்டு ஒட்டினால் சில காலம் தாங்கும். பிறகு அதே கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வரும். இதைச் சரிசெய்தவர்கள், புதுக் கட்டை பொருத்தியவர்கள், கையில் தெரிந்ததை அளவுகளோடு எழுதுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம், எதை எவ்வளவு செதுக்கினீர்கள் என்பதுதான் வேண்டும்.

* * *

காரணத்திலிருந்து தொடங்குகிறேன். சுடும்போது பின்னுதைப்பை மரம் வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் ரிசீவரின் பின் விளிம்பு. இரண்டு பக்கச் சுவர்களின் தட்டையான பின்முகமும் கட்டையின் முன்முகமும் முழுக்க ஒட்டி உட்கார வேண்டும். எண்ணெய் ஊறி அந்த முன்முகம் மெத்தென்று நசுங்கிவிட்டால் ரிசீவர் ஒரு மயிரிழை பின்னால் நகரும். நகர்ந்ததும் மேல் நாக்கின் நுனி மரத்தில் முட்டும். அந்த நுனி உருண்டையாக, குறுகலாக இருப்பதால் ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. விறகைப் பிளக்க ஆப்பு எங்கே வைப்போமோ, அதே நார் ஓட்டத்தில்தான் இதுவும் நிற்கிறது.

ஆகவே புதுக் கட்டையானாலும் பழையதானாலும் இரண்டு விதிகள். பின்முகம் இரண்டு பக்கமும் சமமாகத் தொட வேண்டும். மேல் நாக்கின் நுனிக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டை நுழையும் அளவு, 0.3 முதல் 0.5 மி.மீ. வரை, இடைவெளி இருக்க வேண்டும். கீழ் நாக்கின் நுனிக்கும் இதே கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் மேல் நாக்கைச் சுற்றி மரம் கச்சிதமாக இருப்பதுதான் அழகு என்று பலர் நுனியையும் இறுக்கிப் பொருத்துகிறார்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கும், கட்டைக்கு அதுவே எமன். நாக்கின் பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கம் காட்டுங்கள், நுனியில் மட்டும் காற்று விடுங்கள்.

மேல் நாக்கிலிருந்து மரத்தைத் துளைத்துக் கீழ் நாக்குக்கு இறங்கும் டேங் ஸ்க்ரூவுக்கும் இது பொருந்தும். மரத்தில் அந்த ஓட்டை ஸ்க்ரூவின் தண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஸ்க்ரூ மரத்தில் உரசி நின்றால் பின்னுதைப்பு அதன் வழியாகப் போய்க் கழுத்தின் நடுவில் பிளக்கும். ஓட்டையைக் கட்டை முழுக்க உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். முன்கூட்டியே போட்டுவிட்டு அதற்கேற்ப மரத்தைச் செதுக்குவது தலைகீழ் வேலை.

* * *

கட்டையைக் கழற்றும்போதே பாதிப் பேர் சேதம் செய்துவிடுகிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் லீவரைத் திறந்து சேம்பரை (தோட்டா அறை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மேகசின் குழாயில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்யாமல் எந்த ஸ்க்ரூவையும் தொடக்கூடாது. நூறு ஆண்டு பழைய குழாயில் ஸ்பிரிங் சோர்ந்துபோய்த் தோட்டா நடுவழியில் மாட்டிக்கொண்டு நிற்பதுண்டு. லீவரை எத்தனை முறை ஆட்டினாலும் அது வெளியே வராது.

ஸ்க்ரூடிரைவர் நுனி ஆப்பு வடிவில் சரிந்திருந்தால் வேண்டாம். இரண்டு பக்கமும் இணையாகக் குழித்துத் தீட்டிய நுனி வேண்டும். ஸ்க்ரூ தலையில் உள்ள வெட்டின் அகலத்தையும் கனத்தையும் அது முழுக்க நிரப்ப வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நுனியைத் தீட்டி எடுப்பது நேர விரயமல்ல. பழைய வின்செஸ்டர் ஸ்க்ரூக்கள் பலவற்றின் மரை இன்றைய பொது அளவுகளில் வராது. தலையைச் சிதைத்துவிட்டால் கடையில் இன்னொன்று வாங்கிப் போட முடியாது. இறுகியிருந்தால் அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் சமபங்கு கலந்து ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் மூன்று நாள். கலவை மரத்தின் மேல் வழியக்கூடாது, பூச்சை அரித்துவிடும். ஒரு மரப்பலகையில் வரிசையாக ஓட்டை போட்டு, எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதி அதில் குத்தி வையுங்கள்.

1894 மாடலில் டேங் ஸ்க்ரூ ஒன்றை எடுத்தால் பின்கட்டை வந்துவிடும். நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் நாக்கின் இரு பக்கமும் உள்ள மெல்லிய மரக் காதுகள் உடையும். எண்ணெயும் பிசினும் இறுகிப் பிடித்திருந்தால் ரப்பர் சுத்தியால் கட்டையின் முதுகுப் பக்கம் பின்னோக்கி மெல்லத் தட்டுங்கள். சாவேஜ் 1899 இந்த வகை அல்ல. அதில் பட் பிளேட்டை (கட்டையின் பின்முனைத் தகடு) கழற்றினால் உள்ளே நீளமான போல்ட் இருக்கிறது. அதை அறியாமல் கட்டையை முறுக்கியவர்கள் உண்டு.

* * *

எண்ணெய் ஊறிய பழைய கட்டைக்கு: அசிட்டோனில் சுண்ணக்கட்டித் தூளைக் (கால்சியம் கார்பனேட்) குழைத்துக் களிம்பாக்கி, ரிசீவர் உட்காரும் பகுதி முழுக்க 3 மி.மீ. கனத்தில் அப்புங்கள். காய்ந்ததும் தூள் பழுப்பாக மாறியிருக்கும். அது மரத்திலிருந்து வெளியேறிய எண்ணெய். துலக்கிவிட்டு மறுபடி அப்புங்கள். தூள் வெள்ளையாகவே உதிரும்வரை, ஐந்தாறு சுற்று ஆகலாம். இதற்குக் குறுக்குவழியாக அடுப்பு துலக்கும் காரக் கரைசலைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் போவது உண்மைதான், ஆனால் காரம் மரத்தின் நாரையும் தின்று நிறத்தையும் கெடுத்துவிடும். அசிட்டோன் வேலை திறந்த வெளியில், தீப்பொறி எட்டாத இடத்தில்.

எண்ணெய் போன பிறகுதான் பசை பிடிக்கும். விரிசலை ஓர் ஆப்புத் துணுக்கால் மெல்ல விரித்து, ஊசிச் சிரிஞ்சில் அசிட்டோன் விட்டுக் கழுவி உலரவிடுங்கள். 24 மணி நேரம் எடுத்து இறுகும் எப்பாக்ஸி நல்லது. ஐந்து நிமிட வகை விரிசலின் அடிவரை இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும். கலந்ததை முடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கினால் தண்ணீர் போல ஓடும். விரிசலின் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எட்டிப் பார்க்கும்வரை காத்திருங்கள். பிறகு மருத்துவ ரப்பர் குழாயை இழுத்துச் சுற்றுங்கள். கழுத்து உருண்டையாக இருப்பதால் இறுக்குப்பிடி நழுவும், ரப்பர் நழுவாது. கசிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்.

மேலே நண்பர் சொன்ன நுனி இடைவெளியைச் செதுக்காமல் இதை மட்டும் செய்தால் பயனில்லை. நசுங்கிய முன்முகத்துக்கும் வழி செய்ய வேண்டும். அந்த முகத்தில் 1.5 மி.மீ. (அரை நூல்) ஆழம் சுரண்டி, விளிம்பில் பழைய மரத்தை மெல்லிய வேலியாக விட்டு, உள்ளே எப்பாக்ஸி நிரப்பி, ரிசீவருக்கு மெழுகு பூசி உட்கார வைத்தால் எஃகுக்கு அச்சு எடுத்தது போல ஒரு முகம் கிடைக்கும். வெளியில் தெரியாது. மெழுகை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் ரிசீவரும் கட்டையும் ஒன்றாகிவிடும்.

* * *

புதுக் கட்டை பொருத்துவதைப் பற்றி.

மரம் அமெரிக்கக் கருப்பு வால்நட். பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை இது தொடுகோட்டுத் திசையில் சுமார் 7.8 சதவீதம், ஆரத் திசையில் 5.5 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் கொள்ளத் தேவையில்லை. சரியாக உலராத மரத்தில் எவ்வளவு கச்சிதமாகச் செதுக்கினாலும் ஆறு மாதத்தில் நாக்கின் இருபக்கமும் வெளிச்சம் தெரியும். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது நார் ஓட்டம் கழுத்தின் சரிவோடு இணையாகப் போக வேண்டும். கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நார் எவ்வளவு அழகான வரி காட்டினாலும் அந்தக் கட்டையை ஒதுக்கிவிடுங்கள். அழகு வரிகள் பட் பக்கம் இருக்கட்டும், கழுத்தில் நேரான நார்தான்.

பெரும்பாலும் பாதி செதுக்கிய கட்டைதான் கிடைக்கும். உள்ளே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வேலை முடிந்திருக்கும், ஆனால் மீதிதான் முழு வேலையும். ரிசீவருக்கு விளக்குப் புகைக்கரியில் எண்ணெய் குழைத்த மையைத் துணி நுனியால் பூசுங்கள், இரும்பு தெரியும் அளவு மெல்லியதாக. தடியாகப் பூசினால் தொடாத இடத்திலும் கறை விழுந்து பொய் சொல்லும். கட்டையை நேராகத் தள்ளி, ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு, வெளியே எடுங்கள். மங்கிய தேய்ப்புக் கறை பக்கவாட்டு உரசல், அதை விட்டுவிடுங்கள். கரி அழுந்திப் பளபளக்கும் புள்ளி மட்டுமே உண்மையான தொடுகை. அதைச் சுரண்டியால் ஒரு சீவல், அவ்வளவுதான். ஒரு கட்டை முழுக்க உட்கார நாற்பது ஐம்பது முறை போட்டு எடுப்பது சாதாரணம். உளியைக் கடைசி ஒரு மி.மீ.க்கு நுழையவிடாதீர்கள், அங்கே சுரண்டிதான்.

1894 மாடலில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் கீழ் நாக்கு ரிசீவரோடு ஒரே வார்ப்பல்ல, தனித் துண்டு. ஹேமர் ஸ்க்ரூவும் டேங் ஸ்க்ரூவும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டு நாக்குகளுக்கும் நடுவில் மரம் சற்றுக் கனமாக இருந்தால் கீழ் நாக்கு கீழே தள்ளப்படும், மெலிந்திருந்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போது மேலே வளையும். இரண்டிலும் ட்ரிகர் இறுகும், ஹேமரும் சரியாக நகராது. பழைய கட்டை இருந்தால் கழற்றுவதற்கு முன்பே நாக்குகளின் இடைவெளியை மூன்று இடத்தில் காலிப்பரால் அளந்து எழுதிவையுங்கள். பொருத்திய பிறகு, வெற்று ரைபிளில், ஹேமர் பாதிக் காடியிலும் முழுக் காடியிலும் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஹேமரின் தட்டை ஸ்பிரிங் வளையும் இடத்தில் மரம் தொட்டாலும் அடி பலவீனமாகும். அந்தக் கால்வாயில் ஸ்பிரிங்கின் இரு பக்கமும் 1 மி.மீ. விடுங்கள்.

பட் பிளேட் பிறை வடிவமாக இருந்தால் பொறுமையை அங்கே சேமித்து வையுங்கள். மேல் நுனியை முதலில் உட்காரவைத்து, அரைவட்ட அரத்தால் வளைவைக் கீழ்நோக்கித் துரத்த வேண்டும். கீழ் மூலையில் நார் குட்டையாக இருப்பதால் சில்லுப் பெயரும். அங்கே அரத்தை வெளியிலிருந்து உள்நோக்கியே தள்ளுங்கள்.

* * *

உப்புத்தாள் பற்றி ஒரே விஷயம். தொழிற்சாலையில் வந்த பழைய கட்டைகளில் மரம் இரும்பைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் வழவழவென்றிருந்தால், அல்லது மரம் தாழ்ந்திருந்தால், யாரோ தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். புதுக் கட்டையில் அரை மி.மீ. உயரமாக விடுங்கள். தேய்க்கும்போது பட் பிளேட்டைக் கழற்றாமல், கடினமான கட்டையில் தாளைச் சுற்றி, 120, 180, 220, 320 என்று போங்கள். வெறும் விரலால் தேய்த்தால் ஓரங்கள் சோப்பு போல உருண்டுவிடும். 220க்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்து எழும் முடிகளை வெட்டிவிடுங்கள்.

பழைய கட்டையில் பள்ளம் இருந்தால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஆவி காட்டினால் அழுந்திய நார் எழும். வெட்டுப்பட்ட நார் எழாது, அதைக் காயமாகவே விட்டுவிடலாம். சிறப்பு ரகக் கட்டைகளில் மேல் நாக்கு உட்காரும் பள்ளத்திலும் பட் பிளேட்டின் உட்புறத்திலும் பொருத்து எண் அடித்திருக்கும். சுரண்டுவதற்கு முன் தேடிப் பாருங்கள். அது அழிந்தால் அசல் கட்டை என்பதற்கான ஆதாரமே போய்விடும்.

பூச்சுக்குக் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய். பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். மெல்லப் பூசி, 15 நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்தது, எட்டு முதல் பன்னிரண்டு தடவை. ரிசீவர் உட்காரும் உள்பகுதியையும் பட் பிளேட்டின் அடியையும் விட்டுவிடாதீர்கள். நாரின் வெட்டுமுகம்தான் ஈரத்தை வேகமாகக் குடிக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்துங்கள் அல்லது தண்ணீரில் மூழ்கவையுங்கள்.

* * *

இரும்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. சுருக்கமாக: செந்துரு பிடித்த பேரலை உப்புத்தாளால் தொடாதீர்கள். மரத்தை எல்லாம் கழற்றி, எண்ணெய்ப் பசை நீக்கி, வாலைவடிநீரில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவைத்தால் செந்துரு கருப்பு ஆக்சைடாக மாறும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் புள்ளி விழும். பிறகு எண்ணெய் நீக்கிய 0000 எஃகுக் கம்பளியால் மெல்லத் தேய்த்தால் தளர்ந்தது மட்டும் உதிரும், பழைய நீலப் பூச்சு நிற்கும். உடனே எண்ணெய். மார்லின் 1893 ரிசீவரில், எஃகைக் கடினப்படுத்தும்போது படிந்த வண்ணங்கள் மிச்சமிருந்தால் கம்பளியும் வேண்டாம், எண்ணெய்த் துணி போதும். அந்த நிறம் மேல்தோல் மட்டுமே. சுழலும் பாலிஷ் சக்கரம் எதற்கும் வேண்டாம். ஸ்க்ரூ ஓட்டையின் விளிம்பு கிண்ணம் போலக் குழிந்தால் அதைத் திருத்த முடியாது.

தேதி தெரிய வேண்டுமானால் வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலைப் பதிவேடுகள் உள்ளன. தொடர் எண்ணைக் கொடுத்தால், அதற்குப் பதிவு இருந்தால், எழுத்தில் தருவார்கள். அமெரிக்காவின் 1968 கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்தது பழம்பொருள் என்பதால், வேலை தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஆண்டுகளின் அசல் பூச்சை அழித்துவிட்டுப் பிறகு தேதி கேட்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, கட்டை எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் சுடலாம் என்று ஆகிவிடாது. 1873 மாடலின் பூட்டு முழங்கால் மூட்டு போல மடியும் இணைப்பு, கரும்பொடி அழுத்தத்துக்குச் செய்தது. 1894 மாடல் தொடக்கத்தில் .32-40, .38-55 கரும்பொடித் தோட்டாக்களுக்கே வந்தது. புகையில்லாப் பொடித் தோட்டாவான .30-30 வந்தபோது, 1895-இல், நிக்கல் எஃகுப் பேரல் வைத்தார்கள். பேரல் மீது எழுதியிருப்பதைப் படித்து, தோட்டா அறையின் இடைவெளியைத் தகுதியுள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் அளந்த பிறகே முதல் தோட்டா.

* * *

மேலே கேட்டவருக்கு ஒரு சரிபார்ப்பு முறை. பொருத்தி முடித்ததும் நாக்கு நுனியின் பின்னாலும் ரிசீவரின் பின்முகங்களிலும் ஒரு துளி கரிமை பூசி, கட்டையை ஏற்றி, பட் பக்கம் தரையில் வைத்த ரப்பர் பாயில் உள்ளங்கை வலுவோடு நாலைந்து முறை இறக்குங்கள். கழற்றிப் பார்த்தால் மை பின்முகங்களில் மட்டும் பதிந்திருக்க வேண்டும். நுனிக்கு எதிரே மரத்தில் கரும்புள்ளி இருந்தால் இன்னும் ஒரு சீவல் பாக்கி. முதல் இருபது சுடுதலுக்குப் பிறகு மறுபடி கழற்றிப் பாருங்கள், புது மரம் கொஞ்சம் அமுங்கும். டேங் ஸ்க்ரூவும் கால் சுற்று தளர்ந்திருக்கும்.