கூட வந்தவர்: ஊர்க்காரர்

எனக்கு 43 வயது, கல்யாணம் ஆகவில்லை. அவிநாசியில் ஒரு வளவுக்குள் அம்மாவும் நானும் இருக்கிறோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இது மூன்றாவது வருடம். வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை.

போன வருடம் ஆடி மாதம், ஷிப்மென்ட் நெருக்கடி. பத்து நாளாகத் தினமும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். நாலு மணிக்கு எழுந்து அம்மாவைக் குளிக்க வைத்து, சோறாக்கி மூடி வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாயி வந்து ஊட்டிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு இறுகியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மூச்சு உள்ளே இறங்கவே இல்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அப்போதும் மனதில் ஓடியது, நாளைக்கு அம்மாவை யார் குளிக்க வைப்பார்கள் என்பதுதான்.

அம்மாயியை அம்மா பக்கத்தில் படுக்கச் சொல்லிவிட்டு, தெருமுனை ஆட்டோவில் ஏறி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே முதல் கேள்வி, "கூட யாருங்க வந்திருக்காங்க? கையெழுத்துப் போடணும்." யாரும் இல்லை என்றேன். "வீட்டுக்காரர்? அண்ணன் தம்பி?" என்று திரும்பவும் கேட்டார்கள். அண்ணன் பெங்களூரில் இருக்கிறார், இந்த நேரத்தில் என்ன செய்வார்? என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே வந்து, "எங்கீங்க போடோணும்?" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற கட்டத்தில் 'ஊர்க்காரர்' என்று எழுதினார். இரவு ஒன்றரை மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போக வர ஆட்டோ வாடகையைத் தவிர ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை.

ஈசிஜி சரியாக இருந்தது. மாரடைப்பு இல்லை, இது பதற்றத்தால் வருவது, பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கிவிடும், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார் டாக்டர். மூன்று வாரம் போகவில்லை. சொந்தத்தில் யாருக்காவது தெரிந்தால், "அதுக்குத்தான் காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருக்கோணும்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே பேசாமல் இருந்தேன். கல்யாணம் ஆகாதவளுக்கு வருகிற தலைவலிக்குக்கூட நம் பக்கத்தில் அது ஒன்றைத்தானே காரணமாகச் சொல்கிறார்கள். சீர் செய்யும் நேரத்தில் ஓரமாக நின்று பழகிவிட்டேன், அது பரவாயில்லை. உடம்புக்கு முடியாதபோதும் ஓரமாக நிற்க வேண்டுமா என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதே மாதிரி இரண்டாவது தடவையும் வந்தது. அன்று இரவு மொட்டை மாடிக்குப் போய் 14416-க்கு ஃபோன் செய்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "இப்ப நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா?" யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அழுதேன், அவர் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்.

திருப்பூர் தாராபுரம் ரோட்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.1 தான் இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியதற்குப் பாதிக் காரணம் அதுவாம். இரும்புச்சத்து மாத்திரையும் பதற்றத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். பதற்ற மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். முதல் வாரம் குமட்டல் இருந்தது. மூன்றாவது வாரம்தான் விடிய விடிய விழிக்காமல் தூங்கினேன்.

ஆனால் என்னை மாற்றியது மாத்திரை மட்டும் இல்லை. அங்கே இருந்த ஆலோசகர், ஒரு நாளில் செய்கிற வேலையை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். 31 வேலை வந்தது. "இதுல உங்களால மட்டும்தான் முடியுங்கறது எது?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் நின்றது ஐந்து. அம்மா குளிக்க என் கையைத் தவிர வேறு கைக்குச் சம்மதிக்க மாட்டார், அது ஒன்று. மற்ற 26-ஐயும் நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து கேட்கப் பழகினேன். "கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் "பாவம்" என்பார்கள், அதற்கு மேல் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. அதனால் ஒருவரிடம் ஒரே ஒரு வேலை, நாளும் நேரமும் சொல்லிக் கேட்டேன். அண்ணனிடம், "மாசத்துல ரெண்டாவது சனி ஞாயிறு நீ வந்து அம்மாவைப் பாத்துக்க. குளிக்க வைக்கறத மட்டும் நான் செஞ்சுக்கறேன்" என்றேன். 'என்ன வேணுமோ சொல்லு' என்று ஆறு வருடமாகச் சொன்னவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னாலிருந்து நங்கையாவின் (அண்ணியின்) குரல், "வர்றோம்னு சொல்லுங்க" என்றது. வந்தார்கள். இன்றுவரை இரண்டு மாதம்தான் தவறியிருக்கிறது.

சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டபோதுதான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும் என்று தெரிந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகூட வீட்டில் கொண்டுவந்து தருகிறார்கள். நான் அம்மாவை வாரம் இரண்டு தடவை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அலைந்தேன். கேட்டிருந்தால் என் இடுப்பாவது தப்பியிருக்கும். வீட்டில் படுக்கையாக யாராவது இருந்தால் தயவுசெய்து உங்கள் பகுதி நர்ஸிடம் இன்றைக்கே கேளுங்கள்.

---

அக்கா, நான் காங்கேயம் பக்கம். 38 வயது, தோட்டமும் மாடு மேய்க்கக் கொஞ்சம் கொரங்காடும் இருக்கிறது, நாலு மாடு. ஒன்பது வருடமாகப் பெண் பார்க்கிறார்கள். தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு வேண்டாம், மாதச் சம்பளம் வாங்குகிறவனாக இருந்தால் பரவாயில்லை என்கிறார்கள். தரகர் இப்போது பாலக்காட்டுப் பக்கம் பார்க்கலாம் என்கிறார். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அன்றைக்கு வேண்டாம் என்று விட்ட பெண்களைத்தான் இன்றைக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதை எங்கள் வீட்டிலேயே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பா இறந்த பிறகு பொழுதோட ஆனால் குடி. பகலில் யாரோடும் பேச்சு இல்லை. ஒருமுறை இரண்டு நாள் பால் ஊற்றப் போகவில்லை. சொசைட்டியில் பால் அளக்கிற அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு சாளைக்கே (தோட்டத்து வீட்டுக்கே) வந்துவிட்டார். "என்னப்பா, மாடு கத்துது, நீ படுத்திருக்கறே?" என்றார். அவரிடம்தான் முதல்முறையாக, இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. மாட்டைக் கறந்தார். சாளையில் இருந்த பூச்சிமருந்தை எல்லாம் எடுத்துப்போய் பங்காளி வீட்டு அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அவரே வைத்துக்கொண்டார். மறுநாள் என்னை வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இன்றும் மருந்து அடிக்க வேண்டும் என்றால் அவரிடம் கேட்டுத்தான் சாவி வாங்குகிறேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. குடி முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. பெண் பார்ப்பதை ஒரு வருடத்துக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டார்.

---

நான் கோவை, சரவணம்பட்டியில் வேலை. விவாகரத்து ஆகி ஹாஸ்டலில் இருக்கிறேன். வேலை நாள் ஓடிவிடும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் தாங்காது. அதனால் இப்போது ஞாயிறு காலை உக்கடம் பெரியகுளத்தைச் சுற்றி நடக்கிறேன். இரண்டு பேர் பழக்கமாகி, டீ குடித்துவிட்டுத்தான் பிரிகிறோம். ஒன்று கேட்கணும்க்கா: கம்பெனியில் நீங்கள் சொல்லிவிட்டீர்களா? அந்தக் கையெழுத்துப் பிரச்சினைக்கு என்ன செய்தீர்கள்? எனக்கும் அது ஒரு பயம்.

---

கண்ணு, சூப்பர்வைசரிடம் "சிகிச்சையில இருக்கறேன், மாசம் ஒரு நாள் லீவு வேணும்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாம் சம்மதிக்காமல் சிகிச்சை விவரத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

கையெழுத்துக்கும் அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மனநல சிகிச்சையில் நமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நாமே நியமித்துக்கொள்ளலாம். வெறும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். அவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அவரும் சம்மதிக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கணும் என்று இல்லை. நான் செக்கிங் டேபிளில் என்னோடு பதினோரு வருடம் நிற்கிற தோழியின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதும்போது அவள் அழுதுவிட்டாள்.

மற்ற அவசரத்துக்கு பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், மூன்று நம்பர். தோழி, அம்மாயியின் மகன், அப்புறம் அந்த ஆட்டோ அண்ணன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "போட்டுக்குங்க அம்மிணி. ராத்திரின்னா மட்டும் ரெண்டு தடவை ரிங் உடுங்க, ஒரு தடவைல எந்திரிக்க மாட்டேன்" என்றார்.