காங்கிரஸ் காரியக் கமிட்டி அமைப்பு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரூரில் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் அரசியல் பாடம் எடுக்கிறேன். அடுத்த வாரம் கட்சிகளின் உள் அமைப்பு. மார்க்சிஸ்ட் கட்சி சுலபம்: மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், அது பொலிட் பீரோ என்ற சிறிய தலைமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்ததையே காட்டிவிடலாம்.

கட்சியின் முக்கிய முடிவுகளை எடுக்கும் காங்கிரஸ் காரியக் கமிட்டிதான் இழுக்கிறது. பழைய விதிப்படி தலைவர், நாடாளுமன்றக் கட்சித் தலைவர் போக 23 பேர். அதில் 12 பேரை, எல்லா மாநிலப் பிரதிநிதிகளும் இருக்கும் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றவர்கள் நியமனம். 2023 ராய்ப்பூர் மாநாட்டில் எண்ணிக்கையை 35 ஆக்கினார்கள். பாதி இடம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், இளைஞர்களுக்கு. ஆனால் தேர்தலே வேண்டாம், எல்லோரையும் தலைவரே நியமிக்கட்டும் என்றும் அங்கேயே முடிவானது! பிள்ளைகள் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

திருத்திய விதிகள் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? பி.டி.எஃப் என்றாலும் சரி. அப்புறம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வட்டாரப் பிரதிநிதியாக மாநிலக் கமிட்டிக்குப் போன பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அரை மணி நேரம் வந்து பேசினால் போதும். கட்சிச் சண்டை மட்டும் கமெண்டில் வேண்டாம்.