ரிஸ்பாள் செய்தது வீரமா, வெறும் துயரமா?

மலைச்சாரல்:
எபிரெய வேதத்தின் தைரியமான பெண்கள் என்றதும் தெபொராள், யாகேல், எஸ்தரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2 சாமுவேல் 21-ஐ எடுத்துப் படியுங்கள். மூன்று வருடப் பஞ்சம். முந்தைய அரசன் சவுல் கிபியோன் ஊராரைக் கொன்ற பழியே காரணம் என்று தெரியவருகிறது. புதிய அரசன் தாவீது சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்களை அவர்கள் கையில் ஒப்புக்கொடுக்கிறான். அதில் இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் பிள்ளைகள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் நேரத்தில் ஏழு பேரையும் மலையில் தூக்கிலிடுகிறார்கள். ரிஸ்பாள் பாறையின்மேல் துக்கத்துக்குரிய இரட்டுத்துணியை விரித்து உட்காருகிறாள். மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் காட்டுமிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. என்னைக் கேட்டால் எதிரிப் படைத்தலைவன் சிசெராவைக் கொன்ற யாகேலைவிட இவளே துணிந்தவள்.

கீசோன்கரை:
ஏற்கமாட்டேன் சகோதரி. சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள் இருந்தபோது இஸ்ரவேல் படைத்தலைவன் பாராக்கைப் போருக்கு அனுப்பியவள் தெபொராள். மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் பார்வோனின் கட்டளையை மீறி ஆண் குழந்தைகளைப் பிழைக்கவிட்டார்கள். அவ்வளவு ஏன், இதற்கு முந்தின அதிகாரத்திலேயே ஆபேல் பட்டணத்துப் பெண் ஒருத்தி தாவீதின் படைத்தலைவன் யோவாபைக் கூப்பிட்டுப் பேசி முற்றுகையை விலக்கினாள். ரிஸ்பாள் எல்லாம் முடிந்தபிறகு வந்தவள். ராஜாவிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக்கூட இல்லை. அவளுக்காக என் மனம் உருகுகிறது. ஆனால் அது வீரம் அல்ல.

மலைச்சாரல்:
ஆபேல் பெண்ணுக்கு மதிலும் ஊர்மக்களும் துணை. ரிஸ்பாளுக்கு யார் இருந்தார்கள் சகோதரரே? சவுல் இறந்தபின் அவன் படைத்தலைவன் அப்னேரும் அவன் மகன் இஸ்போசேத்தும் அவள் பெயரைச் சொல்லித்தான் முட்டிக்கொண்டார்கள். அவள் மனதில் என்ன இருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தோற்றுப்போன அரசனின் வீட்டுப் பெண், புதிய அரசன் சாகக் கொடுத்தவர்களுக்கு ஊரறியக் காவல் இருக்கிறாள். தூக்கிலிடப்பட்டவனின் உடலை இரவில் மரத்திலே விடாமல் அன்றே அடக்கம்பண்ண வேண்டும் என்கிறது உபாகமம் 21. அந்தக் கட்டளை மீறப்பட்டதை அவள் ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு முன்னால் நிறுத்தினாள். இலையுதிர்கால மழை என்றால் கோடை முழுவதும். அழுகும் உடல்களின் நாற்றத்தை நினைத்துப் பாருங்கள். இரவில் உறுமல் கேட்டால் எழுந்து துரத்த வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

தெக்கோவா:
ஒன்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். ஏழில் ஐந்து பேர் சவுலின் மகள் வயிற்றுப் பிள்ளைகள். ரிஸ்பாள் தன் இருவரை மட்டும் காக்கவில்லை.

கீசோன்கரை:
அது என்னையும் அசைக்கிறது. இருந்தாலும் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்யச் சொன்னவன் தாவீது. பலனை அவள் கணக்கில் எழுதுவது எப்படி?

மலைச்சாரல்:
வசனங்களின் வரிசையைப் பாருங்கள். ரிஸ்பாள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்படுகிறது. அதன்பிறகே அவன் யாபேசு என்ற ஊருக்குப் போய் சவுல், அவன் மகன் யோனத்தான் இருவரின் எலும்புகளை எடுத்துவருகிறான். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் அப்போதுதான் சேர்க்கப்படுகின்றன. தேசத்துக்கான வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்வது அடக்கத்துக்குப் பிறகு. ஏழு பேர் செத்ததைச் சொல்லும் வசனத்தில் அந்த வாக்கியம் இல்லை.

கீசோன்கரை:
வரிசை சரி. அதிலிருந்து தாவீதின் தீர்ப்பே தவறு என்று போகப் பார்க்கிறீர்கள். யோனத்தானுக்கு இட்ட ஆணையை நினைத்து அவன் மகனைத் தப்பவிட்டவனும் இதே தாவீதுதான். அதற்குப் பதில் சொல்லுங்கள்.