சோதனை நிலையில் உள்ள நீட்சி: குரோமில் ஏறவில்லை, ஃபயர்ஃபாக்ஸில் தங்கவில்லை

கேள்வி: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இறக்கிய ஒரு பிரவுசர் நீட்சியின் (எக்ஸ்டென்ஷன்) ஜிப்பை விரித்து குரோமில் கொடுத்தால், மேனிஃபெஸ்ட் கோப்பு (நீட்சியின் விவரங்கள் உள்ள கோப்பு) இல்லை என்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் ஏறுகிறது, மூடித் திறந்தால் காணோம். என்ன செய்யலாம்?

கணினிக்கிறுக்கன்: விண்டோஸ் ஜிப்பை விரிக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்திருக்கும். குரோமின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, 'லோட் அன்பேக்டு' அழுத்தி, மேனிஃபெஸ்ட்.ஜேசன் நேரடியாகக் கண்ணில் படும் உள் ஃபோல்டரைக் கொடுங்கள். பிறகு அதை நகர்த்தாதீர்கள். குரோம் நகல் எடுப்பதில்லை, அந்த இடத்திலிருந்தே படிக்கும். டவுன்லோட்ஸில் வைத்துவிட்டுச் சுத்தம் செய்தால் நீட்சியும் போச்சு!

நரிவால்: ஃபயர்ஃபாக்ஸில் டீபக்கிங் பக்கம் (நீட்சிகளைச் சோதிக்கும் பக்கம்) வழியாக ஏற்றுவது தற்காலிகம்தான், அதன் இயல்பே அப்படி. நிலையாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லாவின் டிஜிட்டல் கையொப்பம் தேவை. கையொப்பச் சோதனையை அணைக்கும் அமைப்பு டெவலப்பர் எடிஷன், நைட்லி, இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) போன்ற தனிப் பதிப்புகளில்தான் வேலை செய்யும். சாதாரணப் பதிப்பில் மாற்றினாலும் பயனில்லை. மேனிஃபெஸ்டில் கெக்கோ ஐடியும் (ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை அடையாளம் காணும் பெயர்) எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: குரோமில் ஏறிவிட்டது, நன்றி. நீட்சியின் நிரலைத் திருத்தினால் இணையப் பக்கத்தில் மாற்றம் தெரியவில்லையே?

கணினிக்கிறுக்கன்: எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் நீட்சியின் பெட்டியில் உள்ள வட்ட அம்புக்குறியை முதலில் அழுத்துங்கள், அப்புறம் திறந்திருக்கும் டேபையும் ரீலோட் செய்யுங்கள். டேபில் ஓடுவது இன்னும் பழைய ஸ்கிரிப்ட்.

நரிவால்: எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அந்த நீட்சி அனுமதி கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால், வங்கிக் கணக்கு திறக்காத தனி பிரவுசர் புரொஃபைலில் ஓட்டுங்கள்.